கிராம்புப் படத்தின் இடது ஓரம்

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதிக்கவில்லை. ஒரு பூச்சி கொண்டுவந்து கொடுத்தது.

என் எழுத்துமேசைக்கு எதிரே ஒன்றரை வருடமாக ஒரு கிராம்புக் கிளையின் படம் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய தாவரவியல் நூல்களில் வருமே, கோடுகளை அச்சிட்டுவிட்டு மேலே கையால் வண்ணம் பூசிய படம், அந்த வகை. கிளை நுனியில் மொட்டுகள், பக்கத்தில் விரிந்த பூ, சற்றுக் கீழே காய். அடியில் ஒரு மொட்டை நெடுக்காகப் பிளந்து காட்டி, உறுப்புகளுக்கு எண் போட்டிருந்தார்கள். படங்களுக்குச் சட்டம் போட்டு விற்கும் கடையொன்றில் வாங்கினேன். “ஒரிஜினலா?” என்று கேட்டேன். “பழைய வீடு ஒண்ணு இடிச்சப்ப வந்தது” என்றார் கடைக்காரர். பழைய வீடுகள் இடிபடுவது உலக வழக்கம்தானே. நம்புவது வசதியாக இருந்தது, நம்பினேன்.

சென்ற வருடம் ஒரு காலை, கண்ணாடிக்கு உள்பக்கம், காயின்மேல் ஒரு புத்தகப்பூச்சி வாலை ஆட்டிக்கொண்டு ஊர்ந்தது. பதறிப்போய்ச் சட்டத்தைப் பிரித்தேன். ஓரங்களை மூடியிருந்த அட்டையை எடுத்ததும் தாளின் முழு உருவம் தெரிந்தது. மூன்று பக்கம் நேராக இருந்தது. இடது ஓரம் மட்டும் கம்பளி நூல் பிரிந்ததுபோல் பஞ்சுபஞ்சாக இருந்தது. பின்பக்கம் எதையோ வட்டமாகச் சுரண்டிய தடம். அவற்றையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. என் கவலை பூச்சி.

பழைய தாளைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் தாவரவியல் நூலகத்தில் இருக்கிறாள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனேன். திருட்டுப் பொருளை, திருடு போன வீட்டுக்கே சுமந்துகொண்டு போய் “இதைக் கொஞ்சம் பழுது பாருங்கள்” என்று கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அந்த அம்மாள் துணியை விலக்கினாள். பார்த்தாள். திரும்பவும் மூடினாள்.

“பூச்சிக்கு ஏதாவது மருந்து இருக்குங்களா?” என்றேன்.

“கொஞ்சம் வெளிய போய்ப் பேசலாமா” என்றாள்.

2

இந்தக் கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்துவிட்டேன். கிழித்துப் போட்டவற்றை மறைப்பானேன், இங்கேயே வைக்கிறேன்.

‘மணத்தை வரைய முடியாது. ஆனாலும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஓவியன், கடல் தாண்டி வந்த காய்ந்த கிளையொன்றை எதிரே வைத்துக்கொண்டு…’ (நிறுத்திவிட்டேன். அந்த ஓவியனைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாதவனைப் பற்றி எழுதும்போது பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்தது.)

‘அவர் இறந்த அன்று, அவருடைய கோட்டின் உள்பையில்…’ (சாவில் தொடங்கினால் வாசகர் புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டார் என்று எங்கோ கேட்டிருக்கிறேன். அவருடைய மகள் இதைப் படிக்கக்கூடும் என்பது உறைத்ததும் அடித்துவிட்டேன்.)

‘நல்லவள் ஒருத்தி…’ (இதை அடிக்கச் சொன்னது அந்த அம்மாளே. “எழுதுங்க, வேணாங்கல. நல்லவளா மட்டும் எழுதிடாதீங்க. எனக்கு அது தாங்காது.”)

இந்த மாதிரிப் படங்களை உற்றுப் பார்த்தால் ஒரு தந்திரம் பிடிபடும். மொட்டு, பூ, காய் மூன்றும் ஒரே கிளையில் இருக்கின்றன. உண்மையான மரத்தில் அவற்றுக்கு நடுவே மாதங்கள் கழிந்துவிடும். ஓவியர் பருவங்களையெல்லாம் அள்ளிவந்து ஒரு கிளையில் ஒட்டிவைத்துவிடுகிறார். மண் இல்லை, நிழல் இல்லை, கிளையை ஒடித்த கை இல்லை. நானும் அப்படிச் செய்யத்தான் ஆசைப்பட்டேன். செய்த குற்றம், அதனால் வந்த சாவு, அதன்பின் வந்த வருத்தம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வைத்து எண் போட்டுவிடலாம் என்று. எனக்கு அந்தக் கை இல்லை. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

3

நூலகத்தில் எல்லோரும் அந்த அம்மாளைப் பசையக்கா என்றே அழைத்தார்கள். கிழிந்த புத்தகங்களைச் செப்பனிடும் வேலை. மூன்றாம் மாடியில் ஒற்றை ஜன்னல் வைத்த அறை, நீள மேசை, மாவுப்பசை காய்ச்ச ஓர் அடுப்பு, தாள் சுருங்காமல் இருக்க மேலே வைக்கும் வழவழப்பான கற்கள். இருபத்திரண்டு வருடம் அந்த அறையில் இருந்தவள். விரல் நகங்களுக்கடியில் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக இருக்கும். பார்ப்பவர்கள் மாவு பிசைந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைப்பார்கள்.

அந்த வருடம் அவள் மேசைக்கு வந்தது நறுமணத் தாவரங்களின் பெரும் தொகுதி. கிராம்பு, சாதிக்காய், லவங்கப்பட்டை, ஏலம், மிளகு, திப்பிலி என்று அறுபத்திரண்டு படங்கள். நூலகத்தின் உயிரே அந்த ஒரு புத்தகம்தான் என்று இயக்குநர் விருந்தினர்களிடம் சொல்லுவார். நான்கு வயதுப் பிள்ளையின் கனம் அதற்கு. இரவில் நிலவறைப் பெட்டகத்தில் இருக்கும். பகலில் அவள் அறைக்கு வரும். அவள் அறையைவிட்டுப் போகும் ஒவ்வொரு முறையும், சாப்பாட்டு இடைவேளையானாலும் சரி, அதைப் பெட்டகத்தில் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது விதி.

பெட்டகத்துச் சாவி ஒருவரிடம்தான் இருந்தது. சாவிக்காரர் என்றே அவருக்குப் பெயராகிவிட்டது. ஓய்வு பெற நான்கு மாதம் பாக்கி. படிப்பறையில் பேனாவுக்கு அனுமதி கிடையாது, பென்சில்தான். வருகிறவர்களின் முனை மழுங்கிய பென்சில்களையெல்லாம் வாங்கி, மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் பிளேடால் சீவித் தருவார். யாரும் அவரைச் சீவச் சொல்லவில்லை. அவராக எடுத்துக்கொண்ட வேலை அது.

பசையக்காவுக்கு வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாத வருடம் அது. முதல் வாரம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தவளின் முகத்தைப் பார்த்தார் சாவிக்காரர். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அவரே மாடியேறி வந்தார், பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்திட்டார். புத்தகம் மேசையிலேயே இருந்தது.

“அண்ணே, விதின்னு ஒண்ணு இருக்கே” என்றாள்.

“விதிக்குத் தோள்பட்டை வலிக்காதும்மா. நீ போய்ச் சாப்பிடு.”

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. பதிவேட்டின்படி பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை புத்தகம் அவர் பொறுப்பில் இருக்கும். நிஜத்தில் அவள் அறையில், பூட்டாத கதவுக்குப் பின்னால் இருக்கும்.

சில நாள் அவர் இரண்டு நிமிடம் நின்று படங்களைப் பார்ப்பார். “விரிஞ்ச பூவுக்கு மதிப்பே இல்லையாமே இதுல. மொட்டாவே பறிச்சு உலர்த்தினாத்தான் கிராம்பாம். பாவம்” என்று ஒருமுறை சொன்னார். மரத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பசையக்காவும்தான்.

4

இப்போது தம்பி வரவேண்டும். கதையில் இவனைக் கொண்டுவருவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. முதல் வரைவில் இவனுக்குப் பூனைக்கண் வைத்தேன், குரலில் எண்ணெய் தடவினேன். பசையக்கா படித்துவிட்டு, “இப்படி இருந்திருந்தா எனக்கு எவ்ளோ சுலபமா இருந்திருக்கும்” என்றாள். எடுத்துவிட்டேன்.

அம்மா போனபோது தம்பிக்கு நான்கு வயது, அவளுக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே இல்லை. தூக்கி வளர்த்தவள் அவள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து, “பையனையும் கூட்டிட்டு வருவியா?” என்ற கேள்வியில் இரண்டு முறையும் நின்றுபோனது. நூலகத்தில் சேர்ந்த புதிதில் விடுமுறை நாட்களில் அவனுக்கு விளையாட்டுக் காட்டக் கழிவுத் தாள்களைக் கொண்டுவருவாள். அவளுடைய வேலையில் தாளைக் கத்தியால் வெட்டக் கூடாது. வெட்டினால் ஓரம் கூர்மையாகி, ஒட்டும் இடத்தில் தழும்புபோல் தெரியும். ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, தண்ணீர் ஊறும்வரை பொறுத்து, மெல்லப் பிரித்தால் தாள் சத்தமில்லாமல் விட்டுக்கொடுக்கும். ஓரம் பஞ்சுபோல நார்நாராக வரும். “இழுக்கக் கூடாது. அதுவா வரும்” என்று சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை நாக்கைத் துருத்திக்கொண்டு காத்திருப்பான்.

பெரியவனாகிப் படச்சட்டக் கடை வைத்தான். நல்ல கைக்காரன். சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவைப் பார்க்க நூலகத்துக்கு வருவான். அவனுக்காக அவள் கீழே போய்த் தேநீர் வாங்கிவருவாள். வரிசை நீளமாக இருந்தால் அரைமணி ஆகும். வந்தபோதெல்லாம் அவன் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

(அவன் எப்படிச் செய்தான் என்பதை யாரும் பார்க்கவில்லை. பசையக்கா பிற்பாடு தனக்குத்தானே கூட்டிக் கழித்துப் பார்த்ததைத்தான் நான் எழுதுகிறேன். நனைத்த பருத்தி நூலொன்றைப் பக்கத்தின் தையலோரம் நெடுக வைத்து, புத்தகத்தை மூடி, மேலே கல்லை வைத்துவிட்டால் போதும். அரைமணியில் பக்கம் தானாகக் கையோடு வந்துவிடும். சட்டைக்குள் அட்டையோடு வைத்தால் மடியாது. நான்கு சனிக்கிழமை, நான்கு படம்.)

5

ஒரு செவ்வாய்க்கிழமை இயக்குநர், வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவருக்குத் தொகுதியைக் காட்டப் பசையக்காவின் அறைக்கு அழைத்துவந்தார். “எங்க கிராம்பைப் பாருங்க” என்று பக்கத்தைப் புரட்டினார். கிராம்புக்கான விளக்க உரை இருந்தது. எதிர்ப்பக்கத்தில் படம் இல்லை. முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். சாதிக்காய், லவங்கப்பட்டை, ஏலம் மூன்றின் படங்களையும் காணவில்லை.

அதுவரை பின்பக்கங்களில் வேலையாக இருந்த பசையக்கா குனிந்து பார்த்தாள். தையலை ஒட்டி விரற்கடை அகலத்துக்குத் தாள் மிஞ்சியிருந்தது. அதன் ஓரம் பஞ்சுபஞ்சாக இருந்தது.

அவளுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. வளர்த்த பிள்ளையின் கையெழுத்தை ஒருத்தி எழுத்துக்கூட்டியா படிப்பாள்?

அன்று மாலையே சாவிக்காரரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். பதிவேட்டில் அவர் கையெழுத்துகள் இருந்தன. இழுப்பறையில் பிளேடு இருந்தது. “மதியம் ஒரு மணி நேரம் புத்தகம் உங்ககிட்ட இருந்திருக்கு. நீங்க மட்டும்தான் அப்ப கீழ இருந்தீங்க” என்றார் இயக்குநர். புத்தகம் உண்மையில் எங்கே இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை. சொன்னால் பசையக்கா மாட்டுவாள் என்று வாயை மூடிக்கொண்டார்.

அவள் நேரே தம்பியின் கடைக்குப் போனாள். அவன் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தான்.

“எத்தனை?” என்றாள்.

“என்னக்கா எத்தனை?”

“டேய்.”

கண்ணாடியைக் கீழே வைத்தான். “நாலு.”

“எங்க?”

“போயிடுச்சு.”

“ஏன்டா?”

“யாருக்கா அதைப் பாக்கறாங்க? வருஷத்துக்கு நாலு பேரு. பெட்டகத்துல மூச்சுமுட்டிக் கெடக்கறதுக்கு எங்கயாவது ஒரு சுவர்ல வெளிச்சமா இருந்துட்டுப் போகட்டுமே.”

“சாவியண்ணனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

அவன் மேசைமேல் சிதறியிருந்த கண்ணாடித் துண்டுகளை ஒதுக்கினான். பிறகு, “அவர்தான் எடுக்கலையே. எடுக்காதவரை என்ன பண்ணிட முடியும்? விசாரிப்பாங்க, விட்டுருவாங்க” என்றான். அதைச் சொல்லும்போது நாலு வயதில் இருந்த அதே முகம். அதை அவன் உண்மையாகவே நம்பினான் என்கிறாள் பசையக்கா. அவளும் நம்ப விரும்பினாள்.

(அவன் ‘போயிடுச்சு’ என்றது முழு உண்மையல்ல. கிராம்பு அப்போது கடையின் பின்னறையில்தான் இருந்தது. எனக்கு எப்படித் தெரியும்? பதினோரு மாதம் கழித்து நான்தானே போய் வாங்கினேன்.)

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நிபுணர் என்ற முறையில் பசையக்காவை அழைத்தார்கள். எதிர்நாற்காலியில் சாவிக்காரர், சவரம் செய்த முகமும் வெளுத்த சட்டையுமாக. அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

“இதைப் பாருங்க. பிளேடால வெட்டினதா?” என்று குழுத் தலைவர் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

பசையக்கா பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். தம்பியின் மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

“பிளேடு மாதிரிதான் இருக்கு” என்றாள்.

சாவிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. கணக்குப் புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பதுபோல் இருந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள்.

அந்த ‘மாதிரி’ என்ற சொல்லில் அவள் தன் மனச்சாட்சிக்கு ஒரு சந்து விட்டுவைத்திருந்தாள். அறிக்கையில் அது இல்லை. ‘பிளேடால் வெட்டப்பட்டதை நிபுணர் உறுதி செய்தார்’ என்று எழுதினார்கள். சாவிக்காரரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த வாரம், மிஞ்சிய ஓரங்களைச் சீர்செய்யும்படி அவளுக்கு அலுவலக உத்தரவு வந்தது. கத்தியை எடுத்து நான்கையும் நேராக நறுக்கினாள்.

6

இங்கேதான் நான் பல மாதம் சிக்கிக்கொண்டேன். ஒரு மனுஷி இப்படிச் செய்வாளா? செய்தாளே, என் எதிரே உட்கார்ந்து சொன்னாளே. ஆனாலும் எழுதும்போது கை ஒப்பவில்லை. ஆகவே ஒரு மாற்றுப் பகுதி எழுதினேன். அதில் குழுவின் முன்னால் பசையக்கா எழுந்து நிற்கிறாள். ‘இது பிளேடு இல்ல, தண்ணி. இதைக் கத்துக்கொடுத்தது நான்’ என்கிறாள். சாவிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். வெளியே மழைகூடப் பெய்யவைத்தேன், வெட்கமில்லாமல்.

நூலகத்துக்கு அடுத்த பூங்காவில் வைத்து அவளிடம் படிக்கக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்து முடித்து, தாள்களின் ஓரத்தை மடியில் தட்டிச் சமன்செய்து திருப்பிக் கொடுத்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. இது வேற யாரோ.”

“ஏங்க அன்னிக்குச் சொல்லல?”

“சொல்லியிருந்தா உங்களுக்குக் கதை இருந்திருக்காது” என்றாள். சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து அவளே தொடர்ந்தாள். “வேலை போனப்பறமும் அவரு தினமும் காலைல அதே நேரத்துக்கு வருவாரு. எதிர்ல பஸ் நிறுத்தம் இருக்கில்ல, அந்த பெஞ்சுல உட்காருவாரு. எங்க ஜன்னல்லேர்ந்து தெரியும். சாயங்காலம் மணி அடிச்சதும் எழுந்து போவாரு. பத்துப் பதினஞ்சு நாள் பாத்தேன்.”

“அப்புறம்?”

“மேசையைத் திருப்பிப் போட்டுக்கிட்டேன்.”

நான் எழுதிக்கொண்டேன். அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்ககிட்ட இருக்கற படத்துல ஓரம் இன்னும் அப்படியே இருக்கு. பிளேடு இல்லேங்கறதுக்கு இனி அது ஒண்ணுதான் சாட்சி. நூலக முத்திரையைச் சுரண்டின தடமும் இருக்கு” என்றாள். “கீழ வலது பக்க இலையில பச்சை நிறம் கோட்டைத் தாண்டி வழிஞ்சிருக்கும், பாத்திருக்கீங்களா? அச்சு எல்லாப் பிரதிக்கும் ஒண்ணுதான். வண்ணம் கையால பூசினது, ஒவ்வொண்ணும் வேற. அந்த வழிசல் நம்ம புத்தகத்துல மட்டும்தான். பழைய பட்டியல் புகைப்படத்துல இருக்கு. மறுக்கவே முடியாது.”

“அதை நீங்களே போய்ச் சொல்லலாமே.”

“நானா போய் அவனைக் காட்டிக்குடுக்க எனக்கு வாய் வரல. நீங்க குடுத்தீங்கன்னா மறுக்க மாட்டேன். எப்ப குடுக்கப் போறீங்க?”

“கதை முடியட்டும்” என்றேன்.

அப்போதுதான் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வர்ணிக்க மூன்று வாக்கியம் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். அவள் என்னைத் தன் ஆள் என்று கண்டுகொண்டாள், அவ்வளவுதான்.

7

சாவிக்காரரை எப்படிச் சாகடிப்பது என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன் என்று சொன்னால் என்னைக் கல்லால் அடிப்பீர்கள். கதை எழுதுகிறவர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள். பஸ் மோதுவது, தூக்கு, நெஞ்சுவலி என்று பட்டியல்கூடப் போட்டேன். அவர் ஏற்கெனவே இறந்துபோயிருந்தார். நான் தெரிந்துகொள்ளத்தான் வேண்டியிருந்தது.

அவர் வீட்டுக்குப் போனேன். பழைய நூலகங்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். பொய்யுமல்ல. இரண்டாவது மாடியில் இரண்டு அறை. அவருடைய மனைவி உட்காரச் சொல்லிவிட்டு, அவர் நாற்காலியை மட்டும் தவிர்த்து வேறொன்றை இழுத்துப்போட்டார். பேச்சு அதிகமில்லை. “அவங்க கேட்டாங்க, இவரு எடுக்கலன்னாரு. அதுக்கு மேல என்ன சொல்லணும்னு அவருக்குத் தெரியல” என்றார்.

மகள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மாலை வேலை முடிந்து வந்தாள். அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை மாதாமாதம் அவள்தான் கொண்டுவந்து கொடுப்பாள். வேலைநீக்கத்துக்குப் பிறகு ஐந்தாம் மாதம், அந்த பஸ் நிறுத்தத்து பெஞ்சிலேயே அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தார், பேசவில்லை. அவருடைய துணிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அலுவலகக் கோட்டின் உள்பையில் மாத்திரை அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. ஐந்து மாதத்து மாத்திரை, ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

“தினமும் ராத்திரி ‘போட்டீங்களாப்பா’ன்னு கேப்பேன். ‘ஆச்சும்மா’ம்பாரு. கடையில முன்பின் தெரியாதவங்ககிட்டல்லாம் எப்படிச் சாப்பிடணும்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்பறேன். வீட்டுல அட்டையை வாங்கிப் பாக்கத் தோணல” என்றாள்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. அவள் நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள். “அப்பா எடுக்கலன்னு நீங்க நம்பறீங்களா? இல்ல, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

இரண்டும் வேறு வேறு கேள்வி என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

“நம்பறேன்” என்றேன்.

(வாசகரே, ‘பிளேடு மாதிரிதான் இருக்கு’ என்ற வாக்கியத்துக்கும் இதற்கும் எத்தனை விரற்கடை இடைவெளி என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள். நான் அளந்துவிட்டேன்.)

8

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

படத்தை நான் கொடுத்துவிடுகிறேன். சாவிக்காரரின் பெயர் அறிக்கையிலிருந்து நீங்குகிறது. பசையக்காவின் தம்பி கைவிலங்கோடு போகிறான், அவன் குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. பசையக்கா தன் அறையைக் காலி செய்கிறாள். இது நியாயமான முடிவு. எழுத உட்கார்ந்தால் ஒரு பத்திக்கு மேல் நகரமாட்டேன் என்கிறது.

அல்லது, கொடுக்காமல் கதையை மட்டும் அச்சில் போடுகிறேன். ஊர் பேர் எதுவும் இல்லை, யாருக்கும் எதுவும் ஆகாது. விமர்சகர் ஒருவர் குற்றவுணர்வை நுட்பமாகக் கையாண்டிருப்பதாக எழுதுகிறார். (இது நடக்கக்கூடியது. அதுதான் பயமாக இருக்கிறது.)

அல்லது பசையக்கா…

இல்லை. உண்மையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவரைக்கும். மகள் ஓயாமல் மனு மேல் மனுப் போட்டு, நூலகம் ஒரு மறுவிசாரணைக்கு ஒப்புக்கொண்டது. அம்மாவால் வர முடியாது, துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார முடியுமா என்று என்னைக் கேட்டாள். சரி என்றேன். சென்ற வியாழக்கிழமை காலை பதினோரு மணி. முந்தைய விசாரணை நடந்த அதே அறை என்றார்கள். நீள மேசை, அந்தப் பக்கம் இயக்குநரும் குழுவும். மேசை ஓரத்தில் பசையக்கா, நிபுணர் என்ற முறையில். என் காலடியில் ஒரு துணிப்பை. அதற்குள் என்ன இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். பையின் நீள அகலத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

பழைய அறிக்கையைப் படித்தார்கள். பதிவேட்டைக் காட்டினார்கள். புத்தகத்தைத் திறந்தார்கள், நேராக நறுக்கிய நான்கு ஓரங்களும் கத்திக்குச் சாட்சி சொன்னபடி இருந்தன. புதிதாக எதுவும் இல்லை என்றார் இயக்குநர். மகள், தன் அப்பா முப்பத்தொரு வருடம் மற்றவர்களுக்குப் பென்சில் சீவிக் கொடுத்தவர் என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் இல்லை. குழுத் தலைவர் கோப்பின் கயிற்றைக் கட்டுவதற்காகக் கையில் எடுத்துக்கொண்டு, “முடிச்சிடலாமா? வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்.

பசையக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவரில் யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும், மற்றவருக்கு வேலையில்லை. அதனாலேயே இருவரும் மற்றவருக்காகக் காத்திருந்தோம்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. எங்களில் யார் பேசினார், யாராவது பேசினாரா என்பதைச் சொல்லிவிட்டால் நீங்கள் எங்களை மன்னித்தோ தண்டித்தோ விட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிடுவீர்கள். என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பை உங்கள் காலில் இடிக்கிறது. கேள்வி கேட்டவர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். உங்கள் பக்கத்தில் இருக்கும் சாவிக்காரரின் பெண் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. இனி யாரும் பேசமாட்டார்கள் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். உங்கள் பக்கம் சாய்ந்து, உங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொல்கிறாள்:

“பரவால்லங்க. நீங்க வந்ததே போதும்.”